வாட்டு வாட்டுன்னு வாட்டாதீங்க! (பூந்தமல்லியும் ஃபுல் பவர் மலை சைக்கிளும்)

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மனசுல இருந்த ஒரு எரிச்சலை இன்னிக்கு இறக்கி வெச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

நம்ம மக்கள் கிட்ட இப்ப புதுசா ஒரு வியாதி. "மச்சி, எண்டியூரோ ஓட்டணும், நல்ல ஃபுல் பவர் எலக்ட்ரிக் மலை சைக்கிள் ஒண்ணு சொல்லு, காசுக்கு ஒர்த்தா இருக்கணும்." கேட்கிறது யாருன்னு பார்த்தா பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பார்ட்டிங்க. நம்ம ஏரியாவுல பெரிய ஏத்தம்னா பைபாஸ் மேம்பாலம், அதை விட்டா செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. இதுல ஃபுல் பவர் எதுக்குன்னு நக்கல் அடிக்க மாட்டேன். ஆசைப்படறதுல தப்பே இல்ல. ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினா ஏலகிரி, சேலம் போனா ஏற்காடு. மலை ஒண்ணும் கிட்டாத தூரத்துல இல்ல.

என் சண்டை ஆசையோட இல்ல. இந்த ஆசையை வெச்சு காசு பார்க்கிறவங்களோடயும், அவங்க ஸ்டிக்கரை அப்படியே காப்பி அடிச்சு "விமர்சனம்"னு பதிவு போடற நம்ம சக பதிவர்களோடயும்தான்.

முதல்ல எண்டியூரோன்னா என்ன? ஏறுறதுக்கு பொதுவா நேரக் கணக்கு கிடையாது, குறிச்ச நேரத்துக்குள்ள மேல போய் நின்னா போதும். இறங்குறதுக்குத்தான் கடிகாரம் ஓடும். 2013-ல எண்டியூரோ வேர்ல்ட் சீரிஸ்னு ஆரம்பிச்சு, 2023-ல சர்வதேச சைக்கிள் சங்கத்தோட உலகக் கோப்பைக்குள்ள போன விளையாட்டு இது. அதாவது பந்தயமே இறக்கத்துல. மோட்டார் உங்களை மேல கொண்டு போய் விடற ஆட்டோ மாதிரி. ஆட்டோவோட இன்ஜினை மட்டும் பார்த்து வாங்கிட்டு, பிரேக் இருக்கான்னு பார்க்காம விடறதைத்தான் இப்ப நம்மாளுங்க பண்றாங்க.

சரி, மோட்டாருக்கே வருவோம். "250 வாட்"னு ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அதுதான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் அப்பன். முப்பதாயிரம் ரூபாய் சைக்கிளோட பின் சக்கரத்துல இருக்கிற ஹப் மோட்டாரும் 250 வாட். ஐரோப்பாவுல பல லட்சத்துக்கு விக்கிற மலை சைக்கிள்ல இருக்கிற பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சி.எக்ஸ். மோட்டாரும் காகிதத்துல 250 வாட். 2024-ல வந்து எல்லாரையும் மிரட்டின டி.ஜே.ஐ. அவினாக்ஸும் காகிதத்துல அதே 250 வாட்தான்! ஏன்னா அது சட்டத்துக்காக எழுதற தொடர் சக்தி. உண்மையில பாஷ் 600 வாட் உச்சம் தொடும், 2025-ல வந்த மென்பொருள் மேம்பாட்டுல புது மாடலுக்கு 750 ஆச்சு. அவினாக்ஸ் சாதாரணமா 850, பூஸ்ட்ல 1000. ஆக, ஒரே ஸ்டிக்கருக்குள்ள ஆட்டுக்குட்டியும் இருக்கு, யானையும் இருக்கு. "இதுவும் 250, அதுவும் 250, எதுக்கு அஞ்சு லட்சம் தண்டம்"னு ஒப்பிட்டு பதிவு போடறவங்க தயவு செஞ்சு பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ் புக்கை ஒரு தடவை எடுத்துப் பாருங்க சாமி.

நானே பார்த்துட்டேன். பொட்டி தட்டுறவனா இருந்தாலும் இன்ஜினியரிங் படிச்ச கடனை எங்கயாவது தீர்க்கணுமில்ல?

நீங்க, சைக்கிள், தண்ணி பாட்டில், பை எல்லாம் சேர்த்து 100 கிலோன்னு வைங்க. 20 சதவீத ஏத்தத்துல மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல போக, உயரம் ஏறுறதுக்கு மட்டும் சுமார் 430 வாட் வேணும். நம்ம கால் 150 வாட் தரும்னு தாராளமா வெச்சாலும், அசல் 250 வாட் ஹப் மோட்டாரோட சேர்த்து 400-தான். நடுவுல இறங்கித் தள்ளணும்.

அடுத்தது முறுக்கு விசை, அதாவது டார்க். ஹப் மோட்டார் நேரா சக்கரத்தைச் சுத்துது, கியரோட அதுக்கு சம்பந்தமே இல்ல. 40 நியூட்டன் மீட்டர்னா அவ்வளவுதான், அது மட்டும் 11 சதவீத ஏத்தத்துக்கு மேல தனியா தூக்காது. பெடல் அச்சுல இருக்கிற மோட்டார் செயின் வழியா கியரை உபயோகிக்குது. 85 நியூட்டன் மீட்டர், முன்னாடி 32 பல்லு, பின்னாடி 51 பல்லுன்னா, சக்கரத்துக்கு வர்றது சுமார் 135. மூணு மடங்குக்கும் மேல! இதோட, செங்குத்துல மெதுவா சுத்தற ஹப் மோட்டார், வர்ற கரண்ட்ல பாதியை சூடாவே வீணாக்கும். "எங்க சைக்கிள்ல 21 கியர் இருக்கே"ன்னு கேட்காதீங்க. அந்த 21-ம் உங்க காலுக்குத்தான், மோட்டாருக்கு இல்ல.

பேட்டரிக் கணக்கு இன்னும் காமெடி. 100 கிலோவை 1000 மீட்டர் உயரம் ஏத்த, உராய்வு எல்லாம் விட்டுட்டா 272 வாட் அவர் ஆகும். மோட்டாரோட நஷ்டம் சேர்த்தா 360 கிட்ட. நம்ம ஊர்ல சகஜமா கிடைக்கிற பேட்டரி 36 வோல்ட், 7.65 ஆம்பியர் அவர். பெருக்கிப் பாருங்க, 275. பாஷ்ல பெரிய பேட்டரி 800 வாட் அவர். சமவெளியில 40 கிலோமீட்டர் போகும்னு விளம்பரத்துல போடறது பொய்னு சொல்லல. ஆனா அது பூந்தமல்லியில இருந்து கிண்டிக்கு ஆபீஸ் போக. அந்த வேலைக்கு அருமையான சைக்கிள், தாராளமா வாங்குங்க. அதுக்கு "மவுண்டன்"னு பேர் வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

ஏன் இவ்வளவு குதிக்கிறேன்னா, ஏத்தத்துல தோத்தா வெறும் அவமானம்தான், இறக்கத்துல தோத்தா ஆஸ்பத்திரி. ஏறினப்ப செலவான அதே 272 வாட் அவர், இறங்கும்போது பெரும்பகுதி பிரேக்ல சூடா வெளிய வரணும். எண்டியூரோ சைக்கிள்ல நாலு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக்கும், 200 மில்லிமீட்டர் வட்டத்தகடும், 160-170 மில்லிமீட்டர் அமுங்குற ஃபோர்க்கும் வெக்கிறது அழகுக்கு இல்ல. ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் ஜெப் மாதிரி ஃபோர்க்ல குழாயே 38 மில்லிமீட்டர் தடிமன். மலை சைக்கிள்னு ஸ்டிக்கர் ஒட்டின விலை மலிவு வண்டிகள்ல கேபிள் இழுத்துப் பிடிக்கிற டிஸ்க்கும், வெறும் ஸ்பிரிங் வெச்ச குட்டி ஃபோர்க்கும்தான் பெரும்பாலும். பேட்டரி, மோட்டார்னு கூடுதல் எடை வேற. இதை ஒரு காலேஜ் பையன் கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுக்கு எடுத்துட்டுப் போனா? "ஒர்த்து தலைவா"ன்னு எழுதினவர் வந்து தூக்குவாரா?

அடுத்த கோஷ்டி, "750 வாட், 1000 வாட், த்ராட்டில் வெச்சது கிடைக்குதே"ம்பாங்க. கிடைக்கும். மத்திய மோட்டார் வாகன விதிப்படி 30 நிமிஷ சக்தி 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள, பேட்டரி நீங்கலா எடை 60 கிலோவுக்குள்ள இருந்தாத்தான் அது சைக்கிள் கணக்கு. தாண்டினா மோட்டார் வண்டி. பதிவெண், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேணும். பெங்களூர் ஹைவேயில யார் மேலயாவது இடிச்சா, எந்தப் பேப்பரும் இல்லாத மோட்டார் வண்டி ஓட்டினவரா நிப்பீங்க. விக்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

"அப்ப அமெரிக்காவுல இருக்கிற மச்சான் மூலமா ஒரிஜினலையே கொண்டு வந்துடறேன்" - இது மூணாவது கோஷ்டி. பேஷ். ஆனா அங்க மோட்டார் உதவி 32 கிலோமீட்டர் வேகம் வரை, இங்க எல்லை 25. அதை விடுங்க. 160 வாட் அவருக்கு மேல இருக்கிற லித்தியம் பேட்டரியை விமானத்துல பயணி லக்கேஜா கொண்டு வரவே முடியாது. மச்சான் பேட்டரி இல்லாத 20 கிலோ இரும்பைத்தான் இறக்குவார். அப்படியே சரக்கா வரவழைச்சாலும் சுங்க வரி தனி. ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டரி படுத்தா, உள்ளூர் கடையில செல் கோத்து மாட்டலாம்னு நினைக்காதீங்க. பெரிய கம்பெனி மோட்டாருங்க தன் பேட்டரியைத் தவிர மத்ததை ஏத்துக்காது. கோளாறு என்னன்னு பார்க்கவே டீலர் கிட்ட இருக்கிற மென்பொருள் வேணும். நாமளே சாப்ட்வேர்காரங்க, பூட்டின சிஸ்டம்னா என்னன்னு நமக்குச் சொல்லித் தரணுமா?

நாலாவதா ஒரு அறிவாளி வருவார். "அந்தக் காசுக்கு ரெண்டு ஹிமாலயன் வாங்கலாமே!" வாங்கலாம். ஹிமாலயன் 450 எடை 196 கிலோ. எஸ்டேட் நடுவுல இருக்கிற ஒத்தையடிப் பாதையில அதைத் தூக்கி நிறுத்த நாலு பேர் வேணும். ரெண்டும் வேற வேற விளையாட்டு. டென்னிஸ் பேட் விலைக்கு ரெண்டு கிரிக்கெட் பேட் வரும்னு சொல்றது ஒரு வாதமா?

சும்மா திட்டிட்டுப் போனா எப்படி? என் தீர்ப்பு இதோ.

ஒரு லட்சத்துக்குள்ள பட்ஜெட்டா? மோட்டாரை மறந்துடுங்க. நல்ல ஹைட்ராலிக் டிஸ்க், காத்து ஃபோர்க் வெச்ச சாதா மலை சைக்கிள் வாங்குங்க. 12 சதவீதமா இருந்த சைக்கிள் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர்ல 5 ஆச்சு. மிச்சக் காசுல ஹெல்மெட், முழங்கால் கவசம், ஜோலார்பேட்டை டிக்கெட். இறங்கக் கத்துக்க இதுதான் பள்ளிக்கூடம்.

அஞ்சு லட்சத்துக்கு மேல செலவழிக்கிறவரா? வாட்டைக் கேட்காதீங்க, மூணே கேள்வி கேளுங்க. இந்த மோட்டாரைத் திறந்து பார்க்கிற ஆள் இந்தியாவுல எங்க இருக்கார்? மாத்து பேட்டரி என்ன விலை, இங்க ஸ்டாக் உண்டா? வாரண்டி இங்க செல்லுமா? மூணுக்கும் பதில் வந்தா மட்டும் பர்ஸைத் திறங்க. அப்புறம் கார்பன் வேணாம், அலுமினியம் போதும். எலக்ட்ரானிக் கியர் வேணாம், அந்தக் காசு பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் போகட்டும். போன வருஷ மாடல் தள்ளுபடியில வந்தா விடாதீங்க. "ஒர்த்து"ங்கிறது இதுதான்.

ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறவங்க ஒரு வருஷம் பொறுங்க. அவசரமே இல்ல. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது குற்றம்னும் ஞாபகம் இருக்கட்டும். 2018 குரங்கணித் தீக்கு அப்புறம் மலையேற்றத்துக்கே விதி போட்டாங்க. 2024-ல அரசாங்கம் திறந்த "டிரெக் தமிழ்நாடு" பாதைகளும் நடக்கிறவங்களுக்குத்தான். சைக்கிளுக்கு ஒரு பாதை கேட்டு நாம யாராவது ஒரு மனு போட்டிருக்கோமா?

கடைசியா ஒரு வயித்தெரிச்சல். 1949-ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் நம்ம அம்பத்தூர்ல. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஓட்டாத குடும்பம் இந்தப் பக்கம் உண்டா? 2011-ல மோன்ட்ரான்னு நல்ல சைக்கிள் பேர் ஒண்ணு விட்டாங்க. இன்னிக்கு அந்தப் பேர்ல எலக்ட்ரிக் ஆட்டோ ஓடுது. ஆட்டோ வரட்டும், சந்தோஷம். ஆனா குழாய் வளைக்கத் தெரிஞ்ச, மோட்டார் கட்டத் தெரிஞ்ச, மென்பொருள் எழுதத் தெரிஞ்ச ஆளுங்க எல்லாம் பத்து கிலோமீட்டர் சுத்தளவுல இருக்கிற ஊர்ல, பெடல் அச்சு மோட்டாரும் யார் வேணும்னாலும் மாத்திக்கிற பேட்டரியும் வெச்ச ஒரு நேர்மையான மலை சைக்கிள் ஏன் வரல? வாங்குற நாம ஸ்டிக்கருக்கே கை தட்டிட்டு இருந்தா, செய்யறவன் ஸ்டிக்கரைத்தான் செய்வான்.

அதனால சக பதிவர்களே, அடுத்த தடவை எலக்ட்ரிக் சைக்கிள் விமர்சனம் எழுதும்போது வாட்டை எழுதாதீங்க. எத்தனை நியூட்டன் மீட்டர், எங்க இருந்து வருது, எத்தனை வாட் அவர், பிரேக் என்ன, ரிப்பேர் பண்ண யார் இருக்கா. இந்த அஞ்சை எழுதுங்க. படிக்கிற பையனோட பல்லாவது மிஞ்சும்.

டிஸ்கி: ஹப் மோட்டார் சைக்கிள் வெச்சிருக்கிற அண்ணாச்சிங்க கோவிச்சுக்காதீங்க. ஆபீஸுக்கு அது ராஜா. ஏலகிரிக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க. மத்தபடி கும்முறவங்க கால்குலேட்டரோட வந்து கும்முங்க.