தலைக்குள் பிரியும் கிளைகள்

ஐந்தருவியில் ஒரே ஓடையாக வரும் நீர் பாறை முகத்தில் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. ஐந்தும் ஒரே கனத்தில் விழுந்ததாகத் தென்காசிப் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாரல் குறைந்த நாளில் ஒரு கிளை நூலாக மெலியும். பக்கத்துக் கிளையில் தலையைக் கொடுத்துவிட்டு வருவோம். நம் மூளைக்கு இரத்தம் ஏறும் வழியும் இந்த ஒழுங்கற்ற ஒழுங்கில்தான் அமைந்திருக்கிறது. கழுத்தின் முன்னே இரண்டு கரோட்டிட் தமனிகள். பின்னே, கழுத்தெலும்புகளின் துளைகளினூடே ஏறும் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள். நான்கும் மூளையின் அடியில் சிறு இணைப்புகளால் கைகோத்து ஒரு வளையமாகின்றன. புத்தகப் படத்தில் அந்த வளையம் கோலம் போட்டதுபோல் சீராக இருக்கும். மனிதர்களிடமோ, தேடிப் பார்த்த பல ஆய்வுகளில், குறையில்லாத முழு வளையம் பாதிப் பேரிடம்கூடத் தென்படவில்லை. ஓர் இணைப்பு இழையாய் மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

படத்தை நம்பி உடலைப் பாராமல் போவது மனித குலத்துக்குப் பழைய பழக்கம். கிரேக்க மருத்துவர் காலன், விலங்குகளின் தலையை அறுத்து அங்கே கண்ட நுண்குழாய் வலை மனிதருக்கும் உண்டென்று எழுதிவைத்தார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் அதை எல்லோரும் ஒப்பித்தார்கள். இத்தாலியின் பெரெங்காரியோ 1521-இல், தேடினேன், காணவில்லை என்று சொல்லத் துணிந்தார். 1664-இல் ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் வில்லிஸ் வளையத்தை விளக்கி நூல் வெளியிட்டபோது, ரிச்சர்ட் லோயர் அறுவையில் துணைநின்றார். பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை எழுப்பிய கிறிஸ்டோபர் ரென் படம் வரைந்தார். வளையத்துக்கு வில்லிஸ் பெயரே நிலைத்தது. ஆனால் அந்த நூலில் என்னை நிறுத்துவது வேறொரு குறிப்பு. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரின் தலையைத் திறந்தபோது வலது கரோட்டிட் முற்றும் அடைபட்டிருந்தது. அதே பக்கத்து வெர்டிப்ரலோ மறுபக்கத்தைவிட மும்மடங்கு பருத்திருந்தது. அந்த மனிதர் பக்கவாதம் இல்லாமலே வாழ்ந்து முடித்திருக்கிறார். சீரான படத்துக்குப் பெயர்பெற்றவரே சீர்குலைந்த உடலையும் பொறுமையாக எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

படத்துக்கும் உடலுக்கும் நடுவிலான இந்த இழுபறி நம் பக்கத்திலும் உண்டு. நெல்லைச் சீமையிலும் குமரியிலும் ஆசான்கள் காத்துவந்த வர்மக் கலை 108 இடங்களைச் சொல்கிறது. எண்ணிக்கை எல்லா உடலுக்கும் ஒன்றே. ஆனால் இடத்தைக் குறிக்க ஆசான் அளப்பது நோயாளியின் சொந்த விரற்கடையால். இலக்கணத்தை மாற்றாமல் ஆளுக்கு ஆள் வேறுபாட்டுக்கு வழிவிட்ட அந்த நுட்பத்தை நாம் போதிய அளவு போற்றவில்லை. மேலை மருத்துவத்தையும் தமிழில் சொல்லிப் பார்த்த காலம் உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என உடற்கூற்று நூலைத் தமிழில் தந்தார். அந்த வழி தூர்ந்துபோனதால்தான் இன்று ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறோம்.

தென்காசியில் 15-ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதில் குறை நேர்ந்தால் திருத்துவோர் எவரோ அவர் அடி பணிகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்தான். பிளந்து நின்ற கோபுரம் 1990-இல்தான் மீண்டும் எழுந்தது. தன் கட்டுமானம் பிழைபடும், பின்னால் வருபவன் சரிசெய்வான் என்ற அந்த மனம் உடற்கூறு எழுதியவர்களில் சிலருக்கே வாய்த்தது.

தமனி வேறுபாடுகளில் ஒன்று கருவறையில் தொடங்குகிறது. கருவில் மூளையின் பின்பகுதிக்குக் கரோட்டிட் வழியே இரத்தம் போகிறது. வளர வளரப் பெரும்பாலோருக்கு அந்தப் பொறுப்பு வெர்டிப்ரல் பக்கம் கைமாறும். பத்தில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ, ஒரு பக்கத்திலாவது அது மாறாமலே நின்றுவிடும். திருநெல்வேலிக்குப் போய் எடுத்துவந்த அறிக்கையில் இதைப் படித்ததும் வீடே கலங்கும். இது நோயல்ல, பிறவியிலேயே அமைந்தது. பலர் அறியாமலே முதுமை வரை வாழ்ந்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் உண்டு: அப்படிப்பட்டவருக்குக் கரோட்டிட் வழியே ஓர் உறைகட்டி ஏறினால், கைகாலும் பேச்சும் மட்டுமல்ல, மூளையின் பின்பகுதியைச் சார்ந்த பார்வையும் பாதிக்கப்படலாம். அதனால் அந்தப் பழைய அறிக்கை அடுத்த முறை மருத்துவர் கைக்குப் போகவேண்டிய காகிதம்.