முள்ளின் மேல் பழி போடாதீர்கள்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். என்ஜின் வேலை முடிந்திருக்கும், பெயின்ட் புதிதாக அடித்திருக்கும், குஷன்கூட மாற்றியிருப்பார்கள். பெட்ரோல் முள் மட்டும் செத்துக் கிடக்கும். "அது கெடக்குதுங்க, குச்சி உட்டுப் பாத்துக்கலாம்" என்பார்கள். ஃபோர்டு மாடல் டி காரில் அப்படித்தான், சீட்டைத் தூக்கி டேங்குக்குள் மரக்குச்சி விட்டு அளந்தார்கள். அந்தக் காருக்கு மீட்டரே கிடையாது. நம் வண்டிக்கு மீட்டர் உண்டு, அது வேலை செய்ய வேண்டும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போகிறவர் நடுவில் எங்கே நிறுத்திக் குச்சி விடுவார்?

பொதுவாக நடப்பது என்ன? மீட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி இன்னொன்றை வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் பொய் சொல்கிறது. ஏனென்றால், நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் மீட்டரில் இருப்பதே இல்லை. டேங்குக்குள் ஒரு மிதவை, அதன் கை உரசி நகரும் மெல்லிய கம்பிச் சுருள், அங்கிருந்து டேஷ்போர்டு வரை ஒரு வயர், டேங்குக்கு ஒரு எர்த். முள் தனக்கு வந்த சேதியைத்தான் காட்டுகிறது.

மீட்டரை மாற்றுவதில் இன்னொரு வம்பும் உண்டு. அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற வண்டிகளுக்கு இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் நிறுவனம் செய்த மீட்டர்களில் இரண்டு ரகம். பழைய ரகத்தில் சாவி போட்டதும் முள் துள்ளி எழும், ஒவ்வொரு வளைவிலும் ஆடும். அதில் டேங்க் வயரைப் பிடுங்கினால் முள் நிறைவைக் காட்டும், வயரை பாடியில் தொட்டால் காலி. பின்னால் வந்த ரகத்தில் முள் மெதுவாக ஏறி நிற்கும், எல்லாமே தலைகீழ்: பிடுங்கினால் காலி, தொட்டால் நிறைவு. ஒன்றின் மீட்டரையும் மற்றதன் டேங்க் யூனிட்டையும் சேர்த்து மாட்டினால், நிரப்ப நிரப்ப முள் இறங்கும். மெதுவாக ஏறும் ரகத்துக்கு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சின்ன டப்பா ஒன்று உண்டு. சராசரியாக 10 வோல்ட் அனுப்புவது அதன் வேலை. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாகச் சேர்ந்து தப்பாகக் காட்டினால் நேராக அந்த டப்பாவைப் பாருங்கள்.

காட்டூர் பக்கம் ஒரு பட்டறையில் நண்பரின் அம்பாசிடருக்கு இந்த வேலை நடந்தபோது கூட இருந்தேன். முள் எப்போதும் காலியிலேயே கிடந்தது. வயதான மெக்கானிக். முதல் காரியமாக பேட்டரி டெர்மினலைக் கழற்றினார், பக்கத்தில் பீடியோடு நின்றவரை வெளியே அனுப்பினார். டேங்க் யூனிட்டை எடுத்ததும் ஓட்டையைத் துணியால் அடைத்தார். பித்தளை மிதவையைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். "கேளுங்க தம்பி, உள்ளார பெட்ரோல் சலசலங்குது. முங்கிப் போன மெதவை எப்படீங்க மேல வரும்?" என்றார்.

வெந்நீரில் மிதவையை அமுக்கிப் பிடித்தார். பற்று வைத்த விளிம்பிலிருந்து ஊசிமுனை அளவுக்குக் குமிழிகள் கிளம்பின. அங்கே சின்னதாகத் துளையிட்டு பெட்ரோல் முழுவதையும் வடித்து, மறுபடி வெந்நீரில் போட்டு, வாடை போகும்வரை வெயிலில் வைத்தார். உள்ளே ஆவி மிச்சம் இருந்தால்கூட சூடு காட்டக் கூடாது. ஈயம் வைக்கும்போது துளி அதிகமானாலும் துடைத்து எடுத்தார். மிதவை கனத்தால் ஆழமாக மிதக்கும், முள் குறைத்துக் காட்டும் என்பதுதான் காரணம். பிறகு டேங்கிலிருந்து தள்ளி, யூனிட்டை வெளியிலேயே வயரோடு இணைத்து, கையால் மிதவையைத் தூக்கினார். முள் ஏறியது. புது பேக்கிங் போட்டு மாட்டி, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி முள் எங்கே நிற்கிறது என்று நண்பரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த பேக்கிங்கை அலட்சியமாக விடாதீர்கள். இன்று பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பரும் கார்க்கும் இதை எதிர்பார்த்துச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் இரும்பு டேங்கில் துரு பிடிக்க அது போதும்.

இப்படிப் பிரித்துச் சரிசெய்யும் வேலை கோயமுத்தூருக்கு அந்நியமல்ல. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் ஓட்டித் தொடங்கிய ஜி.டி. நாயுடு, கையில் கிடைத்த எந்திரத்தையெல்லாம் பிரித்துப் பார்த்துக் கற்றவர். அவர் பெயரால் அவினாசி சாலையில் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். பெரியநாயக்கன்பாளையத்தில் 1970களில் தொடங்கிய பிரிக்கால் நிறுவனம் வண்டி மீட்டர்களும் டேங்க் சென்சார்களும் செய்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மிதவைக்கு ஈயம் வைக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை. நம் பாலிடெக்னிக்குகள் இந்தப் பெரியவர்களை மாதத்துக்கு ஒருநாளாவது அழைத்து மாணவர்களோடு உட்கார வைக்க வேண்டும். இவர்களுக்குப் பின் பட்டறையைத் திறக்க ஆள் இல்லாத இடங்கள் பல.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புது மீட்டருக்குக் காசு எடுத்து வைக்கும் முன், டேங்கின் எர்த் வயர் பாடியைத் தொடும் இடத்தில் துருவைச் சுரண்டி, இறுக்கி முடுக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் வேலை அதோடு முடிந்துவிடும்.