ஐஸ் வண்டியும் நம் வீட்டு மாம்பழமும்



விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும் நம் பிள்ளைகள் நேராக எங்கே ஓடுகிறார்கள் என்பதை அறிவீர்கள். ஐஸ் வண்டிக்குத்தான். சீவிய பனிக்கட்டியின்மேல் சிவப்பும் பச்சையுமாய்ப் பாகு. எந்த நிறம் வாங்கினார்கள் என்பதை அவர்கள் நாவே சொல்லிவிடும். அந்த வண்டியை ஆலய வாசலில் நிற்கவிட வேண்டாம் என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் சொன்ன பரிகாரத்தை நான் ஏற்கவில்லை.

கவலைக்குக் காரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. பரிசோதித்த மாதிரிகளில் ரோடமைன்-பி என்னும் சாயம் இருந்தது. நெசவாளர் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாழும் நமக்கு, நூலுக்குரிய சாயம் நாவுக்குரியதன்று என்பதை ஒருவர் விளக்க வேண்டியதில்லை. நீரும் அப்படியே. உறைந்துவிட்டால் கிருமிகள் செத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. உறைநிலையில் பல கிருமிகள் உறங்கிக் கிடந்து, உருகும்போது விழித்துக்கொள்கின்றன. ஆகவே காய்ச்சி ஆறவைத்த நீரே பனிக்கட்டிக்கு ஏற்றது.

ஒரு காலத்தில் பனிக்கட்டி செல்வருக்கே உரியதாய் இருந்தது. அமெரிக்க ஏரிகளில் மாரிக்காலத்தில் அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்காய்க் கடல் கடந்து வந்ததை வைக்கவே 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்று நம் சமையலறையிலேயே அது உறைகிறது. பின் ஏன் நாமே செய்யலாகாது?

கடந்த மூன்று வாரமாக எங்கள் வீட்டில் முயன்று பார்த்தோம். தர்பூசணிச் சாற்றை அப்படியே உறையவைத்தபோது கருங்கல்லாகிவிட்டது, கரண்டிதான் வளைந்தது. சர்க்கரை சேர்த்தால் சாறு உறைவது தாமதப்படும், மென்மையாகவும் இருக்கும் என்று பிறகே புரிந்தது. குளிரில் நாவுக்கு இனிப்பு மந்தமாய்த் தோன்றுவதால், சாதாரணமாகச் சேர்ப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. அகன்ற தட்டில் ஊற்றி, அரைமணிக்கொருமுறை முள்கரண்டியால் கிளறினால் இயந்திரமின்றியே துருவல் கிடைக்கும். மாம்பழக்கூழ் முதல்முறையே நன்றாக வந்தது. நுங்கை உறையவைக்காதீர்கள், ரப்பராகிவிடும். நறுக்கித் துருவலின்மேல் தூவி, நன்னாரிப் பாகு ஊற்றுங்கள்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளையை நாம் மறந்துவிடலாகாது. உடைத்த பனிக்கட்டியில் கல்லுப்பைக் கலந்தால் அதன் குளிர் பூஜ்ஜியத்துக்கும் கீழே வெகுவாய் இறங்கும். அதன் நடுவே பாகு ஊற்றிய தூக்குவாளியை வைத்துச் சுழற்றிக்கொண்டேயிருந்தால், ஆலயத் திண்ணையிலேயே உறையவைக்கலாம்.

இதைச் சொன்னவுடன் சகோதரிகள் சிலரின் முகம் வாடியதைக் கண்டேன். ஆண்டு விருந்து முதல் கல்லறைத் திருநாள் வரை எல்லா வேலையும் உங்கள் தலைமேல்தானே விழுகிறது! ஆகையால் இம்முறை சுழற்றுவதும் துருவுவதும் ஆண்கள் ஐக்கியத்தின் பொறுப்பு. நான் முதல் ஆளாக நிற்பேன்.

வண்டிக்காரரை என்ன செய்வது? அறுப்புக்காலத்தின் உறைபனிக் குளிர்ச்சியை நீதிமொழிகள் 25-ஆம் அதிகாரம் உண்மையுள்ள தூதனுக்கு உவமையாக்குகிறது. இந்த வெயிலில் அக்குளிர்ச்சியைத் தள்ளிக்கொண்டு வருகிற மனிதரை நாம் வாசலிலிருந்து துரத்துவதா? நானே சென்று அவரிடம் பேசினேன். காய்ச்சிய நீரில் செய்த பனிக்கட்டியும் பழப்பாகும் நாங்கள் தருகிறோம், பத்து நாளும் நீங்களே சீவிக் கொடுங்கள், நாட்கூலியைச் சபை தரும் என்றேன். அவர் சிறிது யோசித்தார்.

“சரிங்க ஐயா. ஆனா ரோஸ் கலர் இல்லேன்னா பசங்க வருவாங்களா?”

பீட்ரூட் சாற்றை முயன்றோம். நிறம் அழகு, மண்வாசனைதான் போகவில்லை. எலுமிச்சை சேர்த்து நாளை மறுபடியும் பார்க்கிறோம். உங்களில் யாருக்காவது வேறு வழி தெரிந்தால், ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஒரு கிண்ணத்தில் கொண்டுவாருங்கள்.