ஹோஸ்டிங் விளம்பரமும் 99.9 சதவீத மயக்கமும்

புதிதாக இணையதளம் தொடங்குபவர் முதலில் தேடுவது மலிவான ஹோஸ்டிங். "அன்லிமிடெட் இடம், அன்லிமிடெட் டிராஃபிக், 99.9% அப்டைம்" என்று மின்னும் விளம்பரத்தைப் பார்த்ததும் கார்டு தானாகப் பர்ஸை விட்டு வெளியே வந்துவிடுகிறது. வினை ஆரம்பிப்பது அங்கேதான்!

முதலில் இந்த 99.9. கேட்பதற்கு என்னவோ நூற்றுக்கு நூறு மாதிரிதான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் தளம் படுத்துக் கிடந்தாலும் கொடுத்த வாக்கு மீறப்படவில்லை என்று அர்த்தம். அதையும் தாண்டினால்? பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியைக் கழித்துக் கொடுப்பார்கள். கல்லூரி விழாவுக்குப் பதிவு தொடங்கும் நாளில் தளம் விழுந்தால், அந்தச் சில்லறையை வைத்து என்ன செய்வது?

அடுத்தது அன்லிமிடெட். எல்லையில்லாத ஹார்ட் டிஸ்க்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே சர்வரில் பல தளங்களை அடுக்கி வைப்பதுதான் ஷேர்டு ஹோஸ்டிங். முன்பக்கத்தில் எல்லையே இல்லை என்பவர்கள், கோப்புகளின் எண்ணிக்கைக்கும் சிபியு பயன்பாட்டுக்கும் விதிமுறைப் பக்கத்தில் எல்லை போட்டிருப்பார்கள். அதை யார் படிக்கிறார்கள்?

"பெரிய நிறுவனமாகப் பார்த்து வாங்கினால் போச்சு" என்பது சிலர் வாதம். சரி, பார்ப்போம். யாஹூ கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஓவிஹெச்சின் ஸ்ட்ராஸ்பர்க் மையத்தில் 2021 மார்ச் 10 அன்று தீப்பிடித்து ஒரு கட்டிடம் முழுதாக எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் மீது ரேன்சம்வேர் தாக்குதல். சர்வர்களோடு பேக்கப்புகளும் பூட்டப்பட்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு போனது போனதுதான்.

ஆக, விழவே விழாத நிறுவனம் என்று ஒன்று கிடையாது. அப்படி இருப்பதாகச் சொல்பவர்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவர். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நாளைக் காலையே இங்கிருந்து மூட்டை கட்ட முடியுமா?

முடியும் என்றால் அதற்கு அடையாளங்கள் உண்டு. கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் முழுதாக இறக்கிக்கொள்ள வசதி இருக்க வேண்டும். டொமைன் தளத்துக்காரரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். அதை வேறொரு நிறுவனத்தில் வாங்கி வைப்பது இன்னும் நல்லது. மூன்று வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், புதுப்பிக்கும்போது விலை எவ்வளவு ஏறும் என்று முதலில் பார்க்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே நள்ளிரவில் ஒரு கேள்வி அனுப்பினால், உதவிப் பிரிவின் லட்சணமும் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பைப் பென்டிரைவில் இறக்கி, ஒரு தடவையாவது அதை வேறு இடத்தில் நிறுவிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஐந்து வருட எழுத்தைத் திரும்ப எழுத எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டும்?

வாடகை வீட்டை எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும், பத்திரத்தை வீட்டுக்காரரிடமே கொடுத்துவைப்பவர் யாரும் இல்லை. இணையத்தில் மட்டும் ஏன்?