எங்களுக்கு ஏற்ற வேலை எது? யார் சொல்வது?

வேலை போனால் நட்டஈடு கேள், தராவிட்டால் வழக்குப் போடு என்கிறார்கள் தொழிற்சங்கத் தோழர்கள். சரிதான். ஆனால் வேலையைப் பிடுங்கிக்கொண்டு 'மாற்று வேலை' என்று ஒன்றை நீட்டுகிறார்களே, ஊர்த்தெருவுக்கு நீட்டுவதும் சேரிக்கு நீட்டுவதும் ஒன்றா? இதை எந்தச் சங்கக் கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை.

கெங்கவல்லி, ஆத்தூர், தலைவாசல் வட்டாரம் மரவள்ளிக் கிழங்கும் சேகோ ஆலையும் உள்ள பூமி. எங்கள் பக்கத்து ஆலை ஒன்றில் தோல் உரிக்க எந்திரம் வந்தது. கையால் உரித்துக்கொண்டிருந்த பெண்களை நிறுத்தினார்கள். ஊர்த்தெருப் பெண்களுக்குக் களத்தில் காயப்போடும் வேலை, மூட்டை தைக்கிற வேலை. எங்கள் தெருப் பெண்களுக்கு? "கக்கூஸ் கழுவு, சாக்கடை அள்ளு, அதே கூலி." என் சின்னம்மா "முடியாதுங்க" என்றது. "வேலை குடுத்தும் வேண்டாங்குற, அப்பறம் என்னத்துக்கு நட்டஈடு?" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி சொந்தமாகச் சொன்னதில்லை இது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 25இ பிரிவு இதற்கு வழி வைத்தது. லே-ஆஃபில் இருக்கும் தொழிலாளி, அதே ஆலையிலோ, அதே ஊரிலோ ஐந்து மைல் சுற்றளவிலோ உள்ள அதே முதலாளியின் வேறு ஆலையிலோ தரும் மாற்று வேலையை மறுத்தால் இழப்பீடு கிடையாது. தனித்திறமை வேண்டாத, அவரால் செய்யக்கூடிய வேலையாக, பழைய கூலியோடு இருந்தால் போதும். அப்படிப்பட்ட வேலைதானா என்று முடிவுசெய்வது யார்? 'முதலாளியின் கருத்துப்படி' என்று எழுதி வைத்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. முதலாளியின் கருத்தும் பத்திரமாகக் கூடவே வந்துவிட்டது.

தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விதி லே-ஆஃபுக்கு மட்டும்தான். 50 பேருக்குக் கீழான ஆலை, பருவகால ஆலை என்ற விலக்கும் லே-ஆஃபுக்குத்தான். ஆட்குறைப்பு வேறு. ஓராண்டுத் தொடர் வேலை, அதாவது 240 நாள் காட்டினால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான கூலியோ தரவேண்டும். முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலியும் தரவேண்டும். மாற்று வேலையை மறுத்தால் இது கிடையாது என்று ஆட்குறைப்புப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. மேஸ்திரி இரண்டையும் போட்டுக் குழப்புகிறார். நாம் குழம்பக் கூடாது.

சரி, 'தனித்திறமை வேண்டாத வேலை' ஏன் எப்போதும் எங்கள் தலையிலேயே விழுகிறது? பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதிக்குள் தீண்டப்படாதோரை விடவில்லை. நூலை வாயால் உறிஞ்சிக் கோக்கவேண்டும், தீட்டு ஒட்டிக்கொள்ளுமாம்! 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத்தின் முகத்துக்கு நேராகவே கேட்டார். திறமை வேலைக்குக் கதவைச் சாத்து. பிறகு 'உனக்குத் திறமை இல்லை, இதைச் செய்' என்று துடைப்பத்தைக் கொடு. இதுதான் சூத்திரம்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2) பிரிவைப் படியுங்கள். அத்தொழிலில் முழுநேரம் இருந்தவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது. குறைந்தது அதே ஊதியத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் 'அவரது விருப்பத்துக்கு உட்பட்டு'. அந்தச் சட்டம் எத்தனை இடத்தில் நடக்கிறது என்பது வேறு வழக்கு. ஆனால் தொழிலாளியின் விருப்பம் என்ற சொல்லை இந்நாட்டுச் சட்டத்தில் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. அங்கே எழுத முடிந்தது தொழிலுறவுச் சட்டத்தில் ஏன் முடியாது?

ஆகவே, 'முதலாளியின் கருத்துப்படி' என்பதை எடுத்துவிட்டுத் தொழிலாளியின் விருப்பத்தை வைக்கவேண்டும் என்பது நம் கோரிக்கை. அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாற்று வேலை என்று வாயால் சொன்னால் எழுதிக் கொடு என்று கேளுங்கள். வருகைச் சீட்டு, கூலிச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பருவ வேலையில் 240 நாளை நிரூபிப்பதே பெரும்பாடு. முக்கியமாக, எந்தத் தெரு ஆளுக்கு எந்த வேலை நீட்டப்பட்டது என்று பட்டியல் போடுங்கள். மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற காரியம். அந்தப் பட்டியலைத் தொழிலாளர் அலுவலர் மேசையில் மட்டுமல்ல, சங்கத் தலைவர்கள் மேசையிலும் வையுங்கள். அவர்களும் பதில் சொல்லட்டும்.