‘ஸ்கேல்’ என்ற சொல் நமக்கு எதற்கு?



கூட்டங்களிலும் படிவங்களிலும் வந்துபோகும் ஆங்கிலச் சொற்களில் ஒன்றை எடுத்து, அதன் பொருளையும் பயன்பாட்டையும் இப்பக்கத்தில் பார்த்து வருகிறோம். இம்மாதச் சொல் ‘ஸ்கேல்’. வீட்டுப் பிளானின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் சொல் இது. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் வீடு கட்டும் பெண்ணுக்கு அந்தப் பிளானில் மிக முக்கியமான சொற்களில் இதுவும் ஒன்று.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. மீனின் செதிலும் ஸ்கேல்தான். நெல் நிறுக்கும் தராசும் ஸ்கேல்தான். அரச உத்தியோகத்தரின் சம்பள அளவுத்திட்டமும் ஸ்கேல்தான். எழுத்து ஒன்றாக இருந்தாலும் இவை எல்லாம் ஒரே வேரில் பிறந்தவையல்ல. தராசு என்னும் பொருள், கிண்ணத்தைக் குறிக்கும் பழைய வட ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. அளவு என்னும் பொருள், ஏணியைக் குறிக்கும் ‘ஸ்காலா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஏணியின் படிகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றன அல்லவா? அளவுகோலின் கோடுகளும் அப்படித்தான். நாம் இங்கே பார்க்கப் போவது இந்த ஏணி ஸ்கேலை.

மாதிரியுரு செய்பவர்கள் இச்சொல்லை மிகக் கறாராகப் பயன்படுத்துவார்கள். சந்தையில் விற்கும் பிளாஸ்ரிக் உழவு இயந்திரத்தைப் பாருங்கள். சாரதியின் தலை சில்லின் அளவுக்கு இருக்கும். அது விளையாட்டுப் பொருள் மட்டுமே. உண்மைப் பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்தால்தான் அது ‘ஸ்கேல் மொடல்’. மாதிரி விமானங்கள் பெரும்பாலும் 1:72 என்ற அளவில் செய்யப்படுகின்றன. அதாவது உண்மை விமானத்தின் 6 அடி, மாதிரியில் 1 அங்குலம். பொம்மை வீடுகளுக்கு 1:12, அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். நம் பாடசாலைக் கணிதப் புத்தகங்களில் இதற்கு ‘அளவிடை’ என்று பெயர். பிள்ளைகளின் புத்தகத்தில் ‘அளவிடைப் படங்கள்’ என்ற பாடத்தைப் பார்த்தால் தெரியும்.

சரி, இது நமக்கு எதற்கு?

யுத்தம் 2009 இல் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2012 இல் தொடங்கியது. அதில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. வீட்டைக் கட்டுவிக்கும் பொறுப்பு பயனாளியிடமே இருந்தது. கணவனை இழந்தும், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டும் இருந்த பெண்கள் மேசனோடு பேசினார்கள், சீமெந்து வாங்கினார்கள், பிளானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இன்றும் அந்த வீடுகளுக்குக் குசினி சேர்ப்பதும், அறை சேர்ப்பதும், மகளுக்குப் பக்கத்தில் ஒரு வீடு எழுப்புவதும் பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விழுகின்றன.

முருங்கன் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு சகோதரி, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பதற்காகக் கடன் எடுத்துக் குசினி ஒன்று கட்டத் தொடங்கினார். 10 அடிக்கு 8 அடி என்பது திட்டம். பழைய வீட்டையும் புதிய குசினியையும் சேர்த்து ஏ3 தாளில் 1:100 என்ற அளவில் பிளான் வரையப்பட்டிருந்தது. மேசனுக்குக் கொடுப்பதற்காக அதை ஏ4 தாளில் சுருக்கிப் பிரதி எடுத்தார். பிரதியில் எண்கள் மங்கிவிட்டன. மேசன் அடிமட்டத்தை வைத்து அளந்து, நூறால் பெருக்கி, முளை அடித்துக் கயிறு கட்டினார்.

சகோதரி கயிற்றுக்கு உள்ளே பாயை விரித்துப் பார்த்தார். அடுப்புக்கும் அண்டாவுக்கும் இடம் மிஞ்சவில்லை. “என்ன அண்ணன், இவ்வளவு சின்னதாக இருக்கிறதே?” என்று கேட்டார். “பிளானில் உள்ளபடிதானே தங்கச்சி கட்டினேன்” என்றார் மேசன். அவர் சொன்னது பொய்யல்ல. ஏ3 தாளை ஏ4 ஆகச் சுருக்கும்போது ஒவ்வொரு கோடும் பத்தில் ஏழு பங்காகிவிடுகிறது. 10 அடி 7 அடியானது. 8 அடி ஐந்தரை அடிக்குச் சற்றுக் கூடுதலானது. நீளமும் அகலமும் சேர்ந்து குறைவதால் தரையின் பரப்பு பாதியாகிவிட்டது. மூலையில் மட்டும் 1:100 என்ற எழுத்து மாறாமல் இருந்தது. தாள் சுருங்கினால் கோடுகள் சுருங்கும், எழுதிய எண் சுருங்காது.

மூலப் பிளானைக் கொண்டுவந்து பார்த்ததும் கயிறு மாற்றிக் கட்டப்பட்டது. அரைநாள் கூலியோடு போயிற்று. அத்திவாரம் போட்ட பின்னர் கண்டிருந்தால், கடனும் போயிருக்கும், குசினியும் பாதியாகவே நின்றிருக்கும்.

ஆகவே, சகோதரிகளே, பிளான் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவதாக, மூலையில் என்ன அளவிடை இருக்கிறது என்று பாருங்கள். 1:100 என்றால் தாளில் 1 சென்ரிமீற்றர், தரையில் 1 மீற்றர். 10 அடி என்பது ஏறக்குறைய 3 மீற்றர். எனவே தாளில் அது 3 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தாள் சுருக்கப்பட்டது.

இரண்டாவதாக, ‘நொட் டு ஸ்கேல்’ என்று எழுதியிருந்தால், அது அளவிடைப்படி வரையப்படாத படம். அதை அளந்து பார்க்கவே கூடாது. எழுதப்பட்ட எண்களை மட்டும் நம்ப வேண்டும். ‘டு ஸ்கேல்’ என்றால் அளவிடைப்படி வரைந்தது என்று பொருள்.

மூன்றாவதாக, பிளான் வரைபவரிடம், ‘0, 1, 2, 3 மீற்றர்’ எனப் பிரித்த ஒரு கோட்டையும் கீழே வரைந்து தரச் சொல்லுங்கள். தாள் சுருங்கினால் அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கும். அதனால் அது பொய் சொல்லாது.

பெரிய ஸ்கேல், சிறிய ஸ்கேல் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் கட்டுக்கரைக்குளமும் சுற்றியுள்ள கிராமங்களும் தெரியும். ஆனால் 30 அடி நீளமான வீடு அதில் அரை மில்லிமீற்றர்கூட வராது. வீட்டுப் பிளானிலோ அது 9 சென்ரிமீற்றர். எனவே, வரைபடக்காரரின் பேச்சில் வீட்டுப் பிளான்தான் ‘பெரிய ஸ்கேல்’.

பிளானைப் பார்த்து அறையைக் கற்பனை செய்வது எல்லோருக்கும் எளிதல்ல. அப்படியானால் பிஸ்கற் பெட்டி அட்டையில் ஒரு மாதிரி வீடு செய்து பாருங்கள். ஓர் அடிக்கு 1 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 10 அடி சுவர் 10 சென்ரிமீற்றர். 3 அடிக் கதவு 3 சென்ரிமீற்றர். 6 அடிக்கு 4 அடிக் கட்டிலையும் அதே கணக்கில் வெட்டி உள்ளே வையுங்கள். கட்டிலைக் கண்மட்டத்துக்கு வெட்டினால் மாதிரி நம்மை ஏமாற்றிவிடும்.

வீட்டில் யாராவது சக்கர நாற்காலியில் இருந்தால், 5 சென்ரிமீற்றர் குறுக்களவில் ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஏறக்குறைய 5 அடி வட்டம் வேண்டும். அந்த வட்டம் அறையிலும் மலசலகூடத்திலும் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அட்டையை வெட்டி மாற்றலாம். சுவரை வெட்டி மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

“பிளான் படிப்பது ஆம்பிளைகளின் வேலை” என்று யாராவது சொன்னால், தையல் தெரிந்த சகோதரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அளவெடுத்துத் தாளில் வரைந்து துணி வெட்டுகிறவருக்கு இது புதிய கணக்கல்ல. கேள்வி கேட்பது மேசனைச் சந்தேகிப்பதும் அல்ல. கட்டுகிற பணமும் நம்முடையது, குடியிருக்கப் போவதும் நாம். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிளானையும் ஓர் அடிமட்டத்தையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து அளந்து பார்ப்போம்.

அடுத்த மாதம் இன்னொரு சொல்லுடன் சந்திப்போம்.