புளூட்டோவுக்குப் படம் போட்ட கதை

"சூரிய குடும்பம் சார்ட் போட்டுக்கொண்டு வா" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டால், அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குத்தான் வீட்டுப்பாடம்! கலர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, வியாழனுக்குப் பட்டை, சனிக்கு வளையம் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வருவோம். கடைசி மூலையில் புளூட்டோ வந்ததும் கை நின்றுவிடும். அதற்கு என்ன கலர்? என்ன அடையாளம்? 2006 ஆகஸ்டில் அதைக் கிரகங்களின் பட்டியலிலிருந்து எடுத்து, 'குள்ளக் கிரகம்' என்று தனியாக வைத்துவிட்டார்கள். ஆனாலும் குழந்தைகளுக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம்.

அந்தப் புளூட்டோவின் படம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். பொறுமைக்கு நம்மைத்தானே உதாரணம் சொல்வார்கள்? இந்தக் கதையைக் கேட்டால், "அடேயப்பா, இது நம்ம பொறுமையையும் மிஞ்சினது" என்பீர்கள்.

1930 பிப்ரவரி 18. அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கும் லோவல் வானாய்வுக்கூடம். அங்கே வேலை பார்த்த கிளைட் டோம்பாவுக்கு 24 வயது, விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஆறு நாள் இடைவெளியில் வானத்தின் ஒரே இடத்தை எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். எல்லா நட்சத்திரமும் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது. அதுதான் புளூட்டோ. பெயர் யோசித்துச் சொன்னது யார் தெரியுமோ? இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி! காலை உணவின்போது தாத்தா பேப்பர் பார்த்துச் சேதி சொல்ல, இவள் சட்டென்று ஒரு பெயர் சொன்னாள். அதுவே நிலைத்துவிட்டது.

பெயர் வைத்தாயிற்று. முகம்? அது தெரிய இன்னும் 85 வருஷம் ஆயிற்று.

1978-ல் ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் புளூட்டோவின் படத்தில் ஓரமாக ஒரு புடைப்பைக் கவனித்தார். அது புளூட்டோவின் நிலா. மனைவி சார்லீனை வீட்டில் 'சார்' என்று கூப்பிடுவாராம். அதை வைத்தே நிலாவுக்குச் 'சாரன்' என்று பெயர் கொடுத்தார். 1985-லிருந்து 1990 வரை புளூட்டோவும் சாரனும் நம் பார்வையில் ஒன்றை ஒன்று மறைத்து மறைத்து விலகின. படம் போடுகிறவர்களுக்கு அது அடித்த அதிர்ஷ்டம்.

எப்படி என்கிறீர்களா? நம்ம வாசல் கோலத்தை வைத்தே சொல்கிறேன். தெருக்கோடியிலிருந்து பார்த்தால் கோலத்தில் இழை தெரியாது. வெறும் வெள்ளைத் திட்டுதான். அதன் குறுக்கே ஒருவர் மெதுவாக நடந்து போகிறார் என்று வையுங்கள். மாவு நிறைய இருக்கும் இடத்தை அவர் மறைத்தால் வெள்ளை சட்டென்று குறையும். வெறும் தரையை மறைத்தால் குறையாது. எந்த நிமிஷம் எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொண்டே வந்தால், மாவு எங்கே, தரை எங்கே என்று கணக்குப் போட்டு வரைந்துவிடலாம் இல்லையா? இப்படித்தான் புளூட்டோவின் முதல் வரைபடத்தை, எங்கே வெளுப்பு, எங்கே கறுப்பு என்று போட்டார்கள்.

அப்புறம் ஹப்பிள் தொலைநோக்கி வந்தது. அதிலும் புளூட்டோ சில புள்ளிகளாகத்தான் தெரிந்தது. 2002, 2003-ம் வருஷங்களில் எடுத்த அந்தப் படங்களை வைத்து, மார்க் பூயி என்ற விஞ்ஞானி 20 கம்ப்யூட்டர்களை நாலு வருஷம் ஓடவிட்டு ஒரு வரைபடம் தயாரித்தார். 2010-ல் வெளிவந்த அந்தப் படம், கண்ணாடி போடாமல் பார்த்தாற்போல மங்கல்தான்!

இதற்கிடையில், 2006 ஜனவரி 19 அன்று 'நியூ ஹொரைசன்ஸ்' என்ற விண்கலம் கிளம்பியிருந்தது. டோம்பாவின் அஸ்தியில் கொஞ்சத்தையும் அதில் வைத்து அனுப்பினார்கள். ஒன்பதரை வருஷப் பிரயாணம். நின்று பார்க்க வழியில்லை. ஓடுகிற ஓட்டத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்த ஒரே வாய்ப்பும் கை நழுவப் பார்த்தது. போய்ச் சேர இன்னும் பத்து நாள், 2015 ஜூலை 4 அன்று விண்கலத்திலிருந்து சத்தமே இல்லை! கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பு ஆலிஸ் போமன் என்ற பெண்மணியிடம். அவருடைய பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'மாம்' என்று வரும், அதாவது அம்மா! ஒன்றரை மணி நேரத்துக்குள் தொடர்பு திரும்பக் கிடைத்தது. ஒரே சமயத்தில் இரண்டு கனமான வேலை கொடுத்ததால் பிரதானக் கம்ப்யூட்டர் திணறி, மாற்றுக் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. எல்லாக் கட்டளைகளையும் மறுபடி அனுப்ப வேண்டும். ஒரு சொல் போய்ச் சேர நாலரை மணி, பதில் வர நாலரை மணி. மூன்றே நாளில் அத்தனையையும் சரி செய்துவிட்டார்கள்.

ஜூலை 14 அன்று புளூட்டோவுக்கு 12,500 கிலோமீட்டர் பக்கத்தில் விண்கலம் பறந்து போனது. எடுத்த விவரமெல்லாம் பூமிக்கு வந்து சேர 2016 அக்டோபர் கடைசி ஆயிற்று. அவ்வளவு மெதுவாகத்தான் அங்கிருந்து அனுப்ப முடியும்.

என்ன தெரிந்தது? இதய வடிவில் ஒரு வெளுத்த சமவெளி. அதன் இடது பாதி முழுக்க நைட்ரஜன் பனிக்கட்டி. அடுப்பில் கஞ்சி கொதிக்கிறபோது மேலே வட்டம் வட்டமாகப் புரளுமே, அதே மாதிரி அந்தப் பனியும் அடியிலிருந்து மேலே புரள்கிறது, ஆனால் லட்சக்கணக்கான வருஷக் கணக்கில்! ஓரத்தில் பாறை போல இறுகிய தண்ணீர்க் கட்டி மலைகள். ஒரு மலைத்தொடருக்கு எவரெஸ்ட் ஏறிய டென்சிங்கின் பெயர். இன்னொன்றுக்கு 12-ம் நூற்றாண்டில் உலக வரைபடம் போட்ட அல்-இத்ரீசியின் பெயர். ஒரு பெரிய பள்ளத்துக்கு நம்ம வெனிஷியா பர்னியின் பெயர்.

என் கடைசிப் பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பின்பக்கம் எப்படிம்மா இருக்கும்?" என்றாள். சரியான கேள்வி! புளூட்டோ ஒரு தடவை தன்னைத்தானே சுற்ற ஆறு நாளுக்கும் மேலாகும். அதனால் மறுபக்கத்தைத் தூரத்திலிருந்து வரும்போதுதான் பார்த்தார்கள். அங்கே ஒரு ஊரையே வைத்தாலும் புள்ளியாகத்தான் தெரியும். தெற்குப் பகுதியிலோ அப்போது நீண்ட குளிர்கால இரவு. சாரனின் நிலா வெளிச்சம் விழுந்ததை வைத்து 2021-ல் ஒரு மங்கல் படம் எடுத்துக் காட்டினார்கள், அவ்வளவுதான். புளூட்டோ சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற 248 வருஷம். விடிவதற்கு இன்னும் பல்லாண்டு ஆகும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. இவ்வளவு பாடுபட்டவர்கள், பார்க்காத இடத்தைக் கற்பனையால் நிரப்பவில்லை. மங்கலை மங்கலாகவே வைத்தார்கள். தெற்கே கறுப்பாகவே விட்டார்கள். குழந்தை கேட்டதும் ஏதாவது சொல்லி வாயை அடைக்க நினைக்கிற நமக்கு, இது நல்ல பாடம்.

ஆகவே அடுத்த தடவை சார்ட் போடும்போது இப்படிச் செய்யுங்கள். புத்தகங்களில் வரும் நீலமும் மஞ்சளும் வித்தியாசம் தெரிவதற்காகக் கூட்டிக் காட்டிய நிறம். இதயத்துக்கு வெளிர் சந்தன நிறம், சுற்றிலும் பழுப்பு, நடுக்கோட்டை ஒட்டிக் கருப்பட்டி நிறத்தில் திட்டுகள் போடுங்கள். அடியில் ஒரு பகுதியைக் கறுப்பாக விட்டு, "இன்னும் பார்க்கவில்லை" என்று குழந்தை கையாலேயே எழுதச் சொல்லுங்கள். டீச்சர் கேட்டால் குழந்தையே விளக்கிச் சொல்லட்டும். அந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்களில் ஒருத்தி, இப்போது உங்கள் மடியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கலாம், யார் கண்டது!